மூங்கிலிற் பிறந்த இளவரசி

யப்பானிய மக்களிடையே ஆயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் பழங்கதை ஒன்றுண்டு. மூங்கில் வெட்டும் முதியவர் ஒருவர், ஒளிவீசும் மூங்கிலொன்றிலே சின்னஞ்சிறு பெண்மகவைக் காண்கின்றார். மனைவியோடு அதனைப் பேணி வளர்க்கின்றார். பேரழகியாக வளர்ந்த அம்மகள், மணம் வேண்டி வந்த பிரபுக்களையும் பேரரசனையும் மறுத்து, ஈற்றில் தன் பிறப்பிடமாகிய சந்திரலோகத்துக்கே மீள்கின்றாள். இக்கதையைத் தழுவி இசாவோ தகஹாத்தா நெறிப்படுத்திய 'ககுயா இளவரசியின் கதை' என்னும் சித்திரப் படம், ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனத்தாரால் 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 2018இல் மறைந்த அக்கலைஞர் நெறிப்படுத்திய இறுதிப் படமும் அதுவே.

பழங்கதை நிகழ்ச்சிகளைக் கூறுகின்றது. படமோ அப்பெண்ணின் உள்ளத்தைக் காட்டுகின்றது. அதற்கு வாய்த்த கருவி அதன் ஓவியமுறையாகும். கரித்துண்டால் விரைந்து தீட்டியவை போன்ற கோடுகள். அவற்றிடையே மெல்லிய நீர்வர்ணம். காட்சிகளின் ஓரங்கள் பலவிடத்தும் வெறுந்தாளாகவே விடப்பட்டுள்ளன. இது குறையன்று. வரையாது விட்ட இடத்தைக் காண்பவர் தத்தம் நினைவுகளால் நிரப்பிக்கொள்கின்றனர்.

தவழும் குழந்தையை ஒருபுறம் கிராமத்துச் சிறுவர்கள் 'மூங்கிற் குருத்தே' என்று அழைக்கின்றனர். மறுபுறம் தந்தை 'இளவரசியே' என்று அழைக்கின்றார். குழந்தை தம்மை நோக்கித் திரும்பியதும், அது வந்துசேரும்வரை பொறுத்திருக்க மாட்டாதவராய் ஓடிச்சென்று கண்ணீர் மல்க அணைத்துக்கொள்கின்றார். எளிய காட்சிதான், எனினும் பின்வரும் துயரத்தின் வித்து அவ்வொரு சொல்லிலே கிடக்கின்றது. மூங்கிலிற் கண்டெடுத்த பொன்னையும் பட்டையும் விண்ணின் கட்டளையெனக் கொண்ட தந்தை, தலைநகரிலே மாளிகை எழுப்பி மகளை அங்கே குடியேற்றுகின்றார். அவர் கொடியவரல்லர். மகள் இன்புற வேண்டுமென்றே அனைத்தையும் செய்கின்றார். அவ்வன்பே அவளுக்குச் சிறையாகின்றது.

பெயர்சூட்டு விழாவிலே விருந்தினரின் இழிசொற்களைத் திரைக்குப் பின்னிருந்து கேட்ட இளவரசி மாளிகையைவிட்டு ஓடுகின்றாள். அதுவரை மென்மையாயிருந்த கோடுகள் அப்போது முரடாகிக் கிறுக்கலாகின்றன; பட்டாடைகள் ஒவ்வொன்றாய் வழியிலே வீழ்கின்றன. அவளது சினமும் வேதனையும் கோட்டின் வேகமாகவே மாறிவிடுகின்றன. வாயாற் சொல்வதற்கு அங்கே ஒன்றும் எஞ்சவில்லை.

இறுதியிலே சந்திரலோகத்தார் மேகமேறி, களிப்பான இசை முழங்க வருகின்றனர். பிரிவுத் துயரின் நடுவே ஒலிக்கும் அந்த இன்னிசையே நெஞ்சை மிக உலுக்குகின்றது. துன்பம் அறியாத உலகத்தாருக்குப் பிரிவும் தெரியாதன்றோ! அவர்கள் அணிவிக்கும் ஆடை அவளது நினைவுகளை அகற்றிவிடுகின்றது. ஆயினும் தொலைவிலே நீலநிறமாய்த் தோன்றும் பூமியை அவள் ஒருமுறை திரும்பிப் பார்க்கின்றாள். கண்கள் கலங்குகின்றன.

புல்லும் பூச்சியும், மழையும் பனியும், அழுகையும் சிரிப்பும் கலந்த இவ்வுலக வாழ்வு நிலையற்றது, ஆதலினாலேயே அருமையுடையது. பெற்றோர் பிள்ளைக்குத் தேடித்தரும் இன்பத்தை, பிள்ளை தன் கையால் முன்னமே பற்றியிருத்தல் கூடும். காலம் கடந்த பின்னரே மூங்கில் வெட்டியவர் அதனை உணர்ந்தார்.