நாளவழி ஊட்டமும் செலீனியமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறை நோக்கிச் செல்லும் வீதியில், அல்லைப்பிட்டிக்கு அப்பால், மண்கும்பான் என்னும் சிற்றூர் உளது. மணலும் பனையும் கடலும் சூழ்ந்த அவ்வூரிலே ஒருவர் அருந்தும் ஒடியற் கூழில் மீனும் நண்டும் இறாலும் சேர்கின்றன. அவற்றோடு, அருந்துபவர் அறியாமலே, செலீனியம் என்னும் மூலகமும் உடலை அடைகின்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 55 மைக்கிரோ கிராம். ஒரு மைக்கிரோ கிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

அவ்வூரவர் ஒருவருடைய சிறுகுடலின் பெரும்பகுதியை நோயின் பொருட்டு அகற்ற நேர்ந்ததெனக் கொள்வோம். உண்ட உணவு இனி உடலிற் சேராது. குளுக்கோசு, அமினோவமிலம், கொழுப்பு, உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றைக் கலந்து நாளத்தின் வழியே செலுத்துதல் வேண்டும். 1968ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறுவை வைத்தியர் தட்றிக்கும் அவர்தம் கூட்டாளிகளும் இம்முறையின் பயனை உலகறியச் செய்தனர். அதனால் உயிர் தப்பியோர் பலர். ஆயினும், கடலும் வயலும் கேளாமலே தந்ததை இங்கே தருவார் இல்லை. பையிலே மனிதன் இட்டதே உடலுக்குக் கிட்டும்; இட மறந்தது கிட்டாது.

1817இல் பெர்சீலியசு என்னும் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கண்டறிந்த செலீனியம், நெடுங்காலம் நஞ்சென்றே எண்ணப்பட்டது. 1957இல் சுவார்சு, போல்சு என்போர் அது எலிகளின் ஈரலைக் காப்பதைக் காட்டினர். உயிரணுக்களைச் சிதைவினின்றும் காக்கும் குளூட்டாதயோன் பெரொக்சிடேசு என்னும் நொதியத்தில் அது உறுப்பாயிருத்தல் 1973இல் தெளிவாயிற்று.

அது குறைந்தால் யாது நேரும்? மண்ணில் செலீனியம் அருகிய சீனத்துக் கேசான் பகுதியிலே சிறுவரும் இளம் பெண்களும் இதயத்தசை நலிந்து மாண்டனர். செலீனைற்று உப்பை வழங்கியபின் அந்நோய் வெகுவாகத் தணிந்தது. 1979இல் நியூசீலாந்திலிருந்து மற்றொரு செய்தி வெளியாயிற்று. நாளவழி ஊட்டம் பெற்ற நோயாளி ஒருவருக்குத் தொடைத்தசைகளில் வலி கண்டு, நடத்தலும் அரிதாயிற்று. நாள்தோறும் 100 மைக்கிரோ கிராம் செலீனியம் ஊட்டியதும் அவ்வலி நீங்கிற்று. அந்நாட்டின் மண்ணும் செலீனியம் குன்றியதே.

ஆகவே, நெடுநாள் இவ்வூட்டம் பெறுவோரின் செலீனிய நிலையை இடையிடையே மதிப்பிடல் வேண்டும். குருதித் திரவவிழையத்தில் அதன் அளவைப் பார்ப்பதே வழக்கம். எனினும் அவ்வொரு எண்ணை மட்டும் நம்புதல் தகாது. காய்ச்சல், தொற்று, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் உடலில் அழற்சி எழும்போது, உடலிற் குறைவு இல்லாதிருந்தும் அவ்வளவு தாழ்ந்து தோன்றும். எனவே, அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதத்தையும் உடன் அளத்தல் இன்றியமையாதது. அது உயர்ந்திருப்பின், அழற்சி தணிந்தபின் மீண்டும் அளந்தே முடிவு கூறல் நன்று. ஆனால், லீற்றருக்கு 32 மைக்கிரோ கிராமிலும் குறைந்தால் செலீனியம் ஊட்டத் தாமதித்தல் ஆகாது.

செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதிலுள்ள அந்நொதியத்தின் செயலாற்றல் கடந்த சில மாதங்களின் நிலையை உணர்த்தும்; அழற்சியால் அது எளிதில் மாறுவதில்லை. ஆயினும், போதிய செலீனியம் சேர்ந்தபின் அவ்வாற்றல் மேலும் ஏறாதாகையால், மிகுதியை அறிய அது உதவாது. மிகுதியும் தீதே: மயிர் உதிரும், நகம் கழலும், மூச்சில் உள்ளிமணம் வீசும். வீட்டிலிருந்தபடி இவ்வூட்டம் பெறும் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 மைக்கிரோ கிராம் வரை தகுமென ஐரோப்பிய வல்லுநர் 2022இல் வகுத்துள்ளனர்.

இச்சோதனையை எல்லா ஆய்வுகூடங்களிலும் செய்தல் இயலாது. தீவிலிருந்து வரும் நோயாளரின் குருதி தொலைவிலுள்ள கூடத்துக்கு அனுப்பப்படலாம். விடை வர நாட்கள் செல்லும். ஆதலால், குருதி எடுத்த நாளில் காய்ச்சல் இருந்ததா, பையில் எவ்வளவு செலீனியம் சேர்க்கப்பட்டது, எத்தனை மாதமாக ஊட்டம் நடைபெறுகிறது என்பவற்றைச் சோதனைத் தாளிலே குறித்தனுப்புதல் வேண்டும். தசைவலி, தளர்ச்சி, வெளிறிய நகம், மூச்சிளைப்பு ஆகியவற்றை முதலிற் காண்பவர் வீட்டிலுள்ளோரே. அவற்றை அவர்கள் தாமதமின்றி வைத்தியரிடம் கூறுவாராயின், இதயம் நலியுமுன் குறையைத் தீர்த்தல் கூடும்.