ஆலோசனையின் பத்துக் குற்றங்களும் இன்றைய அலுவலகமும்



தசலக்ஷண நாள்களில் உத்தம ஆர்ஜவமும் உத்தம சத்தியமும் ஆண்டுதோறும் விளக்கப்படுகின்றன. ஆர்ஜவமாவது மனம், மொழி, மெய் என்னும் மூன்றும் கோணாமல் ஒருவழிப்பட்டு நிற்றல். ஆலயத்தில் கேட்கும் இவ்வறம், மறுநாட் காலை அலுவலக நாற்காலியில் அமர்ந்தபின் என்ன வடிவம் கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

‘ஆலோசனை’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். இன்றைய தமிழில் அது கலந்து பேசுதலையும் யோசனை கூறுதலையும் குறிக்கிறது. வரி ஆலோசகர், கட்டட ஆலோசகர், சுற்றுச்சூழல் ஆலோசகர் என்று பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. சமண மரபிலோ அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் இயல், பிராயச்சித்தத்தை 9 வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் முதலாவது ஆலோசனை. தான் செய்த பிழையைத் தானே முன்வந்து, மறைக்காமல், ஆசாரியரிடம் எடுத்துரைத்தலே அது. பிரதிக்கிரமணமும் தவமும் ஏனையவும் அதன் பின்னரே எண்ணப்படுகின்றன. பிழையை எடுத்துரைக்காத வரையில் அதற்குத் தக்க பரிகாரத்தை எவரும் வகுக்க இயலாது என்பதே இவ்வரிசையின் கருத்து.

இதனை வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என விரியும் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்துக் காணலாம். தோல் பதனிடுதல் அகிம்சையைப் போற்றும் சமணர் கைக்கொள்ளும் தொழிலன்று. எனினும் அத்தொழிலைச் சுற்றிப் பல அறிவுத்துறைப் பணிகள் வளர்ந்துள்ளன. கணக்குத் தணிக்கை, கழிவுநீர்ப் பரிசோதனைக்கூடம், சுத்திகரிப்பு நிலையப் பொறியியல், ஏற்றுமதி ஆவணம், தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு ஆகியன அவை. பட்டம் பெற்ற நம் வீட்டுப் பிள்ளைகள் சேரக்கூடிய பணிகள் இவையே. இப்பணிகளில் விளையும் சரக்கு கையொப்பமே. செருப்பில் தையல் விட்டால் வாங்கியவர் கண்டுகொள்வார். அறிக்கையில் ஓர் எண் தவறினால், எழுதியவர் சொன்னாலன்றி நெடுங்காலம் எவர்க்கும் தெரியாது.

அவ்வாறு தெரியாமற் போவதன் விலையைப் பாலாறு அறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதெனக் காட்டிய வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்பதும் நாட்டின் சட்டநெறிகளாக உறுதி செய்யப்பட்டன. வழக்கிற்குட்பட்ட மாவட்டங்களில் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் பின்னர், 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டைச் சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்தது. 10 பேர் உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் பாலாற்று மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

ஓர் ஆறு ஒரே நாளில் கெடுவதில்லை. நாள்தோறும் ஓர் அளவை எடுக்கப்படுகிறது, ஒரு பதிவேடு நிரப்பப்படுகிறது, ஒருவர் கையொப்பமிடுகிறார். அக்கையொப்பம் மெய்யானால் அது உரிய நேரத்து எச்சரிக்கையாகும். பொய்யானால், கையில் கருவி ஏந்தாமலே செய்த இம்சையாகும். ஆதலின் அலுவலகத்தில் உண்மை பேசுதல் தனிமனித ஒழுக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. பிறர் குடிக்கும் நீரும் பிறர் உறங்கும் இடமும் அதனைச் சார்ந்துள்ளன.

உண்மை பேச வேண்டும் என்பதை மறுப்பார் இலர். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பேசுவதுபோலத் தோன்றியும் பேசாதிருக்கும் வழிகள் பல. அவ்வழிகளை நம் ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, ஆலோசனைக்கு 10 குற்றங்களைக் கூறுகிறது. துறவியர்க்கெனச் சொல்லப்பட்டவையாயினும் அவை இன்றைய அலுவலகத்திற்கு அப்படியே பொருந்துகின்றன.

முதற்குற்றம் ஆகம்பிதம். பணிவிடைகளாலும் பொருள்களாலும் ஆசாரியர் மனத்தை இளகச் செய்து, பின் பிழையைக் கூறுதல். இரண்டாவது அனுமானிதம். அவர் கடுமை காட்டமாட்டார் என்று குறிப்பறிந்த பின்னரே வாய் திறத்தல். மேலதிகாரியின் முகம் மலர்ந்திருக்கும் நாளுக்காக ஒரு வாரம் காத்திருப்பவர் இவ்வகையினர். அந்த ஒரு வாரத்தில் தவறான அறிக்கை வாடிக்கையாளரைச் சென்றடைந்து விடுகிறது.

மூன்றாவது திருஷ்டம். பிறர் கண்ணிற்பட்டதை மட்டும் ஒப்புக்கொண்டு, காணப்படாததை மறைத்தல். அலுவலகங்களில் மிகுதியும் வழங்குவது இதுவே. தணிக்கையில் 3 பட்டியல்கள் விடுபட்டிருப்பதை ஒருவர் சுட்டினால், அம்மூன்றையும் திருத்திக் கொடுத்து, விடுபட்ட நான்காவதைப் பற்றி வாய் திறவாதிருத்தல்.

நான்காவது பாதரம், பெரிய பிழைகளை மட்டும் கூறிச் சிறியவற்றைப் புறக்கணித்தல். ஐந்தாவது சூக்ஷ்மம், சிறியவற்றை விரிவாகக் கூறிப் பெரியதை ஒளித்தல். பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. அளக்கும் கருவி ஒரு மாதமாகச் சரிபார்க்கப்படவில்லை என்பதை அவர் கண்டுகொள்கிறார். ஆய்வுக் கூட்டத்தில், மாதிரிப் புட்டியின் ஒட்டுத்தாளில் தேதி மாறியதற்காகப் பலமுறை வருத்தம் தெரிவிக்கிறார்; கருவியைப் பற்றிக் கூறவில்லை. கேட்டவர்கள் அவரை நேர்மையாளர் என்று பாராட்டுகின்றனர். சூக்ஷ்மக் குற்றத்தின் கொடுமை அதுவே.

ஆறாவது சன்னம். ‘ஒருவர் இவ்வாறு செய்துவிட்டால் அதற்கு என்ன வழி?’ என்று பிறர்மேல் வைத்துக் கேட்டுத் தன்னை மறைத்துக்கொள்ளுதல். ஏழாவது சப்தாகுலம். பலர் ஒருங்கே பேசும் ஆரவாரத்தில், கேளாதவாறு சொல்லிவிடுதல். நாற்பது பேருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் அடியில், இணைப்புக் கோப்பின் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு வரியாகப் பிழையைக் குறிப்பிட்டுவிட்டு, ‘அன்றே தெரிவித்துவிட்டேன்’ என்பார் இக்குற்றத்திற்கு உரியவர். எட்டாவது பகுஜனம். ஒருவர் கூறிய தீர்வில் நிறைவுறாது, தனக்கு இசைவான விடை கிடைக்கும்வரை பலரிடம் சென்று கேட்டல். ஒன்பதாவது அவ்வியக்தம். பொருளறியாத இளையவரிடம் கூறுதல். பத்தாவது தத்சேவி. அதே பிழையைச் செய்பவரிடமே சென்று கூறுதல். உணவு இடைவேளையில் இருவர் தத்தம் குறைகளை ஒருவர்க்கொருவர் சொல்லி ஆறுதல் பெறுகின்றனர். இருவர் மனமும் இலேசாகிறது. பதிவேட்டில் தவறு அவ்வாறே இருக்கிறது.

இப்பத்தையும் நீக்கினால் எஞ்சுவது எளிய நெறி. பிறர் காணுமுன், முழுவதுமாக, தெளிவாக, செயலாற்ற வல்லவரிடம், தன் பெயரோடு கூறுதல். தணிக்கையாளர் கையொப்பமிடும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் பெற வேண்டும் என்னும் நடைமுறை 2019இல் கட்டாயமாக்கப்பட்டது. கையொப்பம் யாருடையது என்பதை எண் காட்டும். கையொப்பமிட்டவர் தாமே முன்வந்து பேசுவாரா என்பதை எந்த எண்ணும் காட்டாது.

இதுவரை கூறியது சொல்பவர் கடமை. கேட்பவர்க்கும் கடமை உண்டு. அதே நூல் ஆசாரியர்க்குரிய இலக்கணங்களைக் கூறுமிடத்து, ‘அபரிஸ்ராவி’ என்பதையும் சேர்த்துள்ளது. ஒழுகாத கலம்போல, தம்மிடம் கூறப்பட்ட குறையைப் பிறரிடம் கசியவிடாதவர் என்பது பொருள். ஓர் இளைஞர் துணிந்து ஒப்புக்கொண்ட பிழை மாலைக்குள் அலுவலகம் முழுதும் நகைப்பாகிவிடுமானால், அவ்வலுவலகத்தில் அதற்குப்பின் எவரும் பேசமாட்டார். பிழையைக் கேட்டு அமைதியாக இருப்பது வேறு. பிழைக்குரிய பரிகாரத்தை விட்டுவிடுவது வேறு. ஆசாரியர் கருணையோடு கேட்பார். பிராயச்சித்தத்தையும் தவறாது விதிப்பார்.

கேளாச் செவியின் விளைவை உலகம் 1986 ஜனவரி 28 அன்று கண்டது. அமெரிக்காவின் ‘சேலஞ்சர்’ விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். கடுங்குளிரில் இரப்பர் வளையங்கள் செயலிழக்கக்கூடும் என்று, உந்துகலம் செய்து தந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தனர். அவர்தம் மேலாளர்கள் அதனைப் புறந்தள்ளி இசைவளித்தனர். சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கேட்ட செவிக்கு எடுத்துக்காட்டு நம் வட்டாரத்திலேயே பாறையில் உள்ளது. ஆற்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையின் பழம்பெயர் திருப்பான்மலை. முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று அங்குள்ளது. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட பள்ளிச்சந்தத்திலிருந்து இலாடர் என்னும் சிற்றரசர் குடியினர் கற்பூரவிலை என்னும் வரியைத் தாமே எடுத்துக்கொண்டதால் அறம் கெடுகிறது என்று, வழிபாட்டிற்கு வந்த வீரசோழனிடம் அவன் தேவி விண்ணப்பித்தாள். அவனும் அக்குடியைச் சேர்ந்தவனே. அவன் சினந்தானில்லை, மறுத்தானில்லை, அவ்வரியை நீக்கினான். தன் குடியின் குறையையும் அதன் திருத்தத்தையும் ஊரறியக் கல்லில் வெட்டுவித்தான். இன்ன வருவாய், இன்னாரால், இன்ன கேடு என்று குறிப்பாகச் சொன்ன நாவும், செவிமடுத்துச் செயலாற்றிய அதிகாரமும் அங்கே ஒருங்கே அமைந்தன. ஓராயிரம் ஆண்டு கடந்தும் அச்செய்தி நிற்கிறது.

விழா நிறைவில் க்ஷமாவணி நாளன்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு அனைவரும் ஒருவரையொருவர் வேண்டுவர். கைப்பேசியில் ஒரே செய்தி நூறு பேருக்குச் செல்லும். அது நல்வழக்கமே. இவ்வாண்டு அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் ஒவ்வொருவரும், தாம் மட்டுமே அறிந்த பிழை ஒன்றனை, அதனைத் திருத்த வல்லவரிடம், பெயரும் நாளும் அளவும் குறித்து நேரிற் சென்று கூறலாம். மேலிடத்தில் இருப்போர், அவ்வாறு வருபவரை அமரச் செய்து, இறுதிவரை கேட்கலாம்.