வலையமைப்பின் காவல்



கணினிகளை ஒன்றோடொன்று தொடுப்பது பெரும் பணமும் மேனாட்டுப் பட்டமும் வேண்டும் காரியம் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அவ்வெண்ணத்தை முதலிலே களைந்துவிடுவோமாக. பழைய மேசைக் கணினி ஒன்று, அதிற் பொருத்த இரண்டாவது வலையமைப்பு அட்டை, ஒரு சுவிச்சு, சில வடங்கள்: ஒரு வாசிகசாலைக்கு இவை போதும். மீதி வேலையை லினக்ஸ் செய்யும்.

லினக்ஸ் 1991ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21ஆம் வயதில் தொடங்கியதாகும். அமெரிக்காவில் றிச்சட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர்ந்தமையால் அது முழுமையான பணிசெயல் முறைமையாயிற்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பங்குக் கிணற்றில் நீரள்ளும் உரிமை பங்காளர் எல்லார்க்கும் உண்டு. அக்கிணற்றை இறைத்துச் சேறள்ளும் நாளில் எத்தனை பேர் வருவர் என்பது ஊரறிந்த விஷயம்!

நமது பழைய கணினியின் ஓர் அட்டை இணையத்தை நோக்கும். மற்றையது உள்ளேயுள்ள கணினிகளை நோக்கும். லினக்ஸ் இயல்பாக ஒரு பக்கத்துத் தரவை மறுபக்கத்துக்குக் கடத்தாது. அமைப்பொன்றிலுள்ள 0 என்னும் இலக்கத்தை 1 ஆக்கினாலே வழி திறக்கும். இச்சிறு இலக்கத்தைத் தேடி இரவு முழுவதும் விழித்திருந்த வாலிபரை நாம் அறிவோம். உட்கணினிகளுக்கு 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை 254 முகவரிகள் கிடைக்கும். அவற்றைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும் நிரலும் உண்டு. வாசலில் தீச்சுவர் நிற்றல் வேண்டும். உள்ளிருந்து கேட்டதற்கு வரும் மறுமொழியை மாத்திரம் விடு, அழையாது வருவதை விடாதே என்பதே அதன் முதல் விதி. இவ்வமைப்புகள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருப்பதால் அச்சிட்டுக் கையில் வைத்துப் படிக்கலாம்.

இனி, நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். ஓரிடத்தில் இவ்வாறு அமைத்த இளைஞர் வெளிநாடு சென்றார். சில மாதங்களில் வன்தட்டுப் பழுதாயிற்று. கடவுச்சொல் யார்க்கும் தெரியாது; எந்த வடம் எங்கே போகின்றது என்ற குறிப்பும் இல்லை. மென்பொருள் உலகத்தார்க்கெல்லாம் திறந்திருந்தது. அவ்வூரார்க்கு மாத்திரம் பூட்டிக் கிடந்தது.

ஒருவர் தலையில் முழுச்சுமையையும் ஏற்றுவது எத்துணை அபாயம் என்பதை 2024ஆம் ஆண்டில் உலகமே கண்டது. 'எக்ஸ்.ஸெட்' என்னும் தரவுச் சுருக்க மென்பொருளைப் பல்லாண்டுகளாக ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில் 'ஜியா டான்' என்ற பெயரோடு வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவழியொன்றை ஒளித்து வைத்தார். தொலைவிலிருந்து சேவையகத்துட் புகும்போது வழமையிலும் ஏறக்குறைய அரை விநாடி அதிகமாவதை அன்ட்ரெஸ் பிறோயன்ட் என்னும் பொறியியலாளர் கவனித்தார். துருவிப் பார்த்து மார்ச் 29ஆந் திகதி வெளிப்படுத்தினார். பெரும்பாலான சேவையகங்களை அப்பதிப்புகள் சென்றடையுமுன் ஆபத்து நீங்கிற்று. மூலநிரல் திறந்திருந்தமையால் அவர் துருவ முடிந்தது உண்மையே. ஆயின் அந்த அரை விநாடியைப் பொருட்படுத்த ஒரு மனிதர் வேண்டியிருந்தார் அல்லவா?

"ஓடுகின்றதே, ஏன் தொடவேண்டும்?" என்பாரும் உளர். பலர் நிறுவியிருந்த செந்தோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 யூன் 30உடன் நின்றன. அதன் பின்னும் அது ஓடும்; கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் தாம் இலர். எனவே மாதமொரு முறையேனும் திருத்தங்களைப் பார்த்து ஏற்றல் வேண்டும்.

நமது வாசிகசாலைக்கு இருவரைப் பொறுப்பாக்குவோம். ஒருவர் கட்டாயம் இளையவராயிருக்கட்டும். எந்த வடம் எங்கே செல்கின்றது, எந்நாளில் எதை ஏன் மாற்றினோம் என்று ஒரு கொப்பியிற் குறிக்கட்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டிப் பெரியவர் ஒருவர் தம் பெட்டகத்தில் வைத்திருக்கட்டும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, வேறொரு பழைய கணினியைக் கொணர்ந்து, அக்கொப்பியை மாத்திரம் பார்த்து இரண்டாமவர் முழுவதையும் புதிதாக அமைக்கட்டும். முதலில் அமைத்தவரும் அன்று வரலாம். வாய் திறவாமல் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.