கழிவுநீரும் நமது தோட்டங்களும்
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நகரத்துக் கழிவுநீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சலாமா என்னும் கேள்வி இன்று நமது படலையில் வந்து நிற்கின்றது. "வீணே ஓடும் நீர்; அதிலே பசளையும் உண்டு; ஏன் விடவேண்டும்?" என்பார் ஒரு சாரார். மலம் கலந்த நீரென்று முகஞ்சுளிப்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

பசளை உண்டென்பது மெய். ஒரு லீற்றர் கழிவுநீரில் 40 மில்லிகிராம் நைதரசன் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு ஒரு போகத்தில் 2,000 கன மீற்றர் பாய்ச்சினால், 80 கிலோ நைதரசன் மண்ணிற் சேரும். ஏறக்குறைய மூன்றரை மூடை யூரியாவுக்கு அது சமம். ஆனால் யூரியாவை வேண்டிய நாளில் நிறுத்தலாம்; கழிவுநீரிலிருந்து நைதரசனைப் பிரித்து நிறுத்த வழியில்லை. முற்றுங் காலத்தில் நைதரசன் மிகுந்தால் வெண்காயம் தாளாகவே வளரும். கட்டித் தூக்கினால் அழுகும். இதனைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹைதராபாத் நகரின் கழிவைச் சுமந்தோடும் மூசி ஆற்றங்கரையிலே கீரையும் மாட்டுப்புல்லும் விளைகின்றன. அதனால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆயினும் அந்நீரின் உவரைத் தாங்காது நெல்லைக் கைவிட்டுப் புல்லுக்கு மாறியோரும் அங்கே உளர். 1970 இல் ஜெருசலேமில் வாந்திபேதி பரவியபோது, சுத்திகரியாத கழிவுநீரில் விளைந்த சலாதுக் கீரைகளே அதைப் பரப்பின என்று கண்டனர். சில்லி நாட்டின் சந்தியாகோவில் 1991 இல் அத்தகைய பாசனத்தைத் தடுத்த பின்னர் நெருப்புக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பேர்லின் நகரத்தார் 1870களில் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கழிவுநீரை வயல்களிற் பரப்பினர். அம்மண்ணிற் படிந்த கட்மியம் முதலிய உலோகங்கள் பாசனம் நின்ற பின்னரும் போகவில்லை. கிருமி வெயிலிற் சாகும், உலோகம் சாகாது.

இனி நமது வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக் கற்பாறைக்குள்ளே, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நமது முழுச் செல்வம். மேலேயுள்ள செம்மண்ணோ மெல்லியது. பாறையோ வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மலசலகூடக் குழியில் இறங்குவதும் தோட்டத்தில் இடும் யூரியாவும் அவ்வழியே கிணற்றைச் சேர்கின்றன. கழிவுநீர்ப் பாசனத்தைத் தொடங்கலாமா என்று கேட்கின்றோமே, திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் கிணற்று நீரை இறைக்கும் நாம் அதை அறியாமலே செய்துகொண்டிருக்கின்றோம் அல்லவா?

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வரம்பை மீறியுள்ளதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். தாய்மார் இதனை மனத்திற் கொள்வாராக.

ஆகவே கழிவுநீரே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காட்டாதே, கலக்காதே என்கின்றோம். வாகனத் திருத்தகங்களின் எண்ணெயும் வைத்தியசாலைக் கழிவும் வீட்டு நீரோடு ஒரே வாய்க்காலிற் சேரலாகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நமக்குத் தெரியும். 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. பணம் வரலாம், பாறைக்குள் ஊறிய எண்ணெயை யார் வழித்தெடுப்பார்? வீட்டு நீரைக் கசியாத குளங்களில் எட்டுப் பத்து நாள் தேக்கினால் புழு முட்டைகள் அடியிற் படியும். அந்நீரைக் கீரைக்கன்றி மரப்பயிருக்கும் புல்லுக்கும் அளவாக விடலாம். அப்போதும் வெறுங்காலோடு இறங்கலாகாது. அத்தகைய குளம் வெட்டுவது தனிக் கமக்காரனின் வேலையன்று, உள்ளூராட்சி சபைகளின் வேலை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கொழும்பிலிருந்து யாரேனும் வந்து நமது கிணற்றை எட்டிப் பார்ப்பார் என்று அதுவரை காத்திருந்தவர்கள் நாமே.

வரும் மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி முடிந்தபின் ஒருமுறையும், இங்கு கூடியுள்ள ஒவ்வொருவரும் தத்தம் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடிவுகளைத் தமிழில் எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டும்படி பிரதேச சபையைக் கேட்கும் மனு இம்மேசையில் இருக்கின்றது. கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.