மன்னார்க் கரையில் ஒரு பகற்பயணம்



இங்கிலாந்து தேசத்திலே கொட்ஸ்வோல்ட்ஸ் என்றொரு நாட்டுப்புறம் உண்டு. தேன் நிறச் சுண்ணக்கல்லாற் கட்டிய வீடுகளும், சிற்றோடைகளும், பழந்தேவாலயங்களும் நிறைந்த சிற்றூர்கள் அங்கே உள்ளன. காலையிற் புறப்பட்டு, வழிகாட்டி ஒருவர் கதை சொல்லிவர, ஊர் ஊராக இறங்கிப் பார்த்து, மாலையிற் குடும்பத்தோடு வீடு திரும்புவது அந்நாட்டவர்க்குப் பழகிய வழக்கம். அவ்வூர்கள் அழகானவை என்பது உண்மை. ஆயினும் அவ்வழகிற் பாதி, வழிகாட்டி சொல்லும் கதையிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் சுற்றுலா என்றதும் நுவரெலியாவின் குளிரையும் கண்டியின் வாவியையுமே நினைக்கிறோம். மன்னாரை வறண்ட பூமி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். கதை சொல்ல ஒருவர் உடனிருந்தால் அவ்வறண்ட பூமியைப்போற் பேசும் நிலம் வேறொன்று இல்லை. ஆகவே, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக முன்வரவேண்டும். அவருக்கு உதவும் பொருட்டே இன்றைய பேச்சு.

முதல்நாள் இரவே மன்னார்ப் பட்டினத்திற் சென்று தங்கிவிடுங்கள். மறுநாள் விடியுமுன் எழுந்து தெற்கே அரிப்புக்குச் செல்லுங்கள். அங்கே கடலோர மேட்டிலே செங்கற் சுவர்கள் சில நிற்கக் காண்பீர்கள். பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் 1801ஆம் ஆண்டு தொடக்கம் 1804ஆம் ஆண்டு வரையிற் கட்டுவித்த மாளிகையின் எச்சம் அது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகவே அதனைக் கட்டினார். குளிப்பு நடக்கும் பருவத்தில், ஆளற்ற இந்த மணல்வெளியில் ஒரு பெருநகரமே முளைத்துவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிகாரர் வந்து கூடுவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் 'கடற்கட்டி' வராவிடின் ஒருவரும் நீரில் இறங்கார். 1905ஆம் ஆண்டிற் பெரும் விளைச்சல் கிடைத்தது. அடுத்த ஆண்டில் முத்துப்பார்கள் ஆங்கிலக் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் அந்தப் பெருந்தொழில் ஓய்ந்துபோயிற்று. மாளிகையையும் கடல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கிறது.

இதே அரிப்பிற்றான், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், அருவியாற்றின் கரையைப் பின்பற்றிக் காடுகளைக் கடந்து, 1679ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். தப்பியோடிய மனிதனின் கதை சிறுவர்க்கு மிகவும் பிடிக்கும். அதனை ஆற்றங்கரையிலேயே சொல்லுங்கள்.

அங்கிருந்து வடக்கே திரும்பினால் வங்காலை. இதன் சதுப்பும் உப்புவெளியும் 2008ஆம் ஆண்டிற் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் றாம்சார் பட்டியலிலும் இடம்பெற்றன. மாரிக்காலத்திற் சைபீரியா முதலிய வடபுலங்களிலிருந்து வாத்தினங்களும் உள்ளான்களும் இங்கே வந்து தங்கும். இளஞ்சிவப்பு நிறப் பூநாரைகள் நீரில் வரிசையாக நிற்கும் காட்சியைக் காண்பதற்கு விடியற்காலையே ஏற்றது. பிள்ளைகளைச் சத்தமிடாது நிற்கச் சொல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் திருக்கேதீச்சரத்தை அடைந்துவிடலாம். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம் இது. பாலாவிக் கரையிலிருந்த பழங்கோயில் போர்த்துக்கேயராற் சிதைக்கப்பட்டது. அதன் கற்களைக்கொண்டே மன்னார்க் கோட்டை எழுந்தது என்பது மரபுரை. காடு மூடிக் கிடந்த தலத்தை மீட்கவேண்டுமென்று 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சைவ மக்களைத் தூண்டினார். பிற்காலத்திற் சேர் கந்தையா வைத்தியநாதன் திருப்பணியை முன்னின்று நடத்தினார். போர்க்காலத்தில் மீண்டும் துன்புற்ற கோயில், கருங்கற் கோயிலாக எழுந்து 2022ஆம் ஆண்டு யூலை மாதத்திற் குடமுழுக்குக் கண்டது. கோயிலைச் சூழ்ந்த நிலமே பண்டை மாதோட்டத் துறைமுகம். 1980களில் அங்கு நடந்த அகழாய்விற் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசிய மட்கலங்களும் கிடைத்தன. அநுராதபுரத்தின் கடல்வாசல் இதுவே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனித் தாம்போதியைக் கடந்து தீவுக்குட் செல்வோம். வாசலிலேயே கோட்டை நிற்கிறது. 1560இற் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1696இற் புதுக்கினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை ஒன்று, கொடிகள் மூன்று. அயலிலுள்ள பள்ளிமுனையில் ஆபிரிக்காவுக்கு உரிய பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19½ மீற்றர். பதினைந்து சிறுவர் கைகோத்து நின்றாற்றான் அதனைச் சுற்றி வளைக்கலாம். அரபு வணிகர் 1477ஆம் ஆண்டளவில் நட்டதாகச் சொல்வர். தெருவிலே தம்பாட்டில் திரியும் கழுதைகளின் முன்னோரையும் அவ்வணிகரே கொண்டுவந்தனர் என்பது வழக்கு. மரப்பட்டையிற் பெயர் கீறுவது சிலருக்குப் பழக்கம். பல நூற்றாண்டு வாழ்ந்த உயிருக்கு நம் பெயர் எதற்கு?

பட்டினத்திலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். பனைகளும் மீன்வாடிகளும் இருமருங்கும் வரும். எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்னும் முஸ்லிம் ஊர்களைக் கடப்பீர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர்கள் வெறுமையாயின. புத்தளத்திலே நெடுங்காலம் அகதிகளாயிருந்து திரும்பியவர்களை இன்று காணலாம். தோட்டவெளியில், 1544ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிர்துறந்த கிறிஸ்தவரை நினைவுகூரும் ஆலயம் உண்டு. இவற்றைப் பிள்ளைகளுக்கு மறையாது சொல்லுங்கள். யார் யாருக்குத் தீங்கு செய்தார் என்று கணக்கெடுப்பதற்காக அன்று. ஓர் ஊர் வெறுமையாவது எத்தனை எளிது, மீள நிறைவது எத்தனை அரிது என்று அவர்கள் அறிவதற்காக.

தென்கரையிலே வானளாவிய காற்றாடிகள் சுழல்வதைக் காண்பீர்கள். 'தம்பபவனி' என்னும் இந்தக் காற்றாலை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் 30 கோபுரங்களுடன் திறக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். பறவைகளின் வான்வழியும் மீனவரின் கரையும் கெடலாகாதென்று மன்னார் மக்கள் 2025ஆம் ஆண்டில் வீதிக்கு வந்து குரல் எழுப்பினர். காலையிற் கண்ட பூநாரைகளையும் மாலையிற் கண்ட காற்றாடிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளை விடுங்கள்.

தலைமன்னார் இறங்குதுறையை மாலையில் அடைவோம். எதிரே மணற்றிட்டுக்கள் தொடராகச் செல்கின்றன. இராமர் அணை என்பாரும் ஆதாம் பாலம் என்பாரும் சுட்டுவது இதனையே. ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அப்பால் தனுஷ்கோடி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே வீழ்ந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. 1914ஆம் ஆண்டில் கப்பலும் புகையிரதமும் இணைந்து சென்னையையும் கொழும்பையும் தொடுத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரிற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். இந்நாட்டிலே பிறந்து தேயிலை கிள்ளிய பெண்கள், பாட்டன் வந்திறங்கிய கரையிலிருந்தே, கண்டறியாத ஊருக்குக் கப்பலேறினர். பின்னர் போரினாற் கப்பலும் நின்றது. புகையிரதப் பாதையும் அழிந்தது. 2015 மார்ச்சிற் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. கப்பல் இன்னும் வரவில்லை.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, இக்கரையிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி சென்றது. முன்னோர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் மதிப்போடு நடந்து காட்டினர்.

நேயர்களே, அட்டனிலோ பதுளையிலோ இருந்து இதனைக் கேட்கும் குடும்பங்கள் ஒருமுறையேனும் இந்த இறங்குதுறைக்கு வரவேண்டும். வீட்டில் வயதான பாட்டி இருந்தால் அவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். நான் சொன்ன ஆண்டுகளைப் பிள்ளைகள் மறந்துபோகலாம். தன் வீட்டார் எந்த ஊரிலிருந்து வந்தனர், வழியில் யாரை இழந்தனர், கப்பலேறிப் போனவர் யார் என்று பாட்டி சொல்வதை அவர்கள் மறவார். அக்கதைகள் பல எந்த நூலிலும் ஏறாதவை. சொல்லுவோர் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர்.

தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினத்துச் சந்தையிற் பனங்கிழங்கும் ஒடியலும் வாங்க மறவாதீர்கள்.