மேல்வீட்டு நீரும் கீழ்வீட்டு நியாயமும்

(ஜமாஅத் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அண்டை வீட்டாரால் நம் வீட்டிற்குச் சேதம் நேர்ந்தால் இழப்பீடு பெறுவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் எங்களைப் பணித்தனர். நாங்கள் சட்டம் பயின்றவர்கள் அல்லர்; பட்டறிந்தவர்கள். அந்தத் தகுதியிலேயே உங்கள் முன் நிற்கின்றோம்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் முதல் தளத்தில் நாங்கள் வசிக்கின்றோம். மழையே இல்லாத ஒரு கோடைக்காலத்தில் எங்கள் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. சுண்ணப்பூச்சு உப்பி உதிர்ந்தது. மர அலமாரி ஊறிப் பிளந்தது. அப்பொழுது நாங்கள் மூன்று தவறுகளைச் செய்தோம்.

முதலாவது, மேல்வீட்டில் குடியிருந்தவர்களிடம் கோபத்துடன் சென்றோம். அவர்களோ வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டின் உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருந்தார். அவருக்கு ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. இரண்டாவது, புகைப்படம் எடுக்காமலேயே அவசரமாக வர்ணம் பூசினோம். சான்றும் மறைந்தது, இரண்டே மாதத்தில் வர்ணமும் உதிர்ந்தது. மூன்றாவது, கணக்கு ஏதுமின்றி அறுபதாயிரம் ரூபாய் கேட்டோம்.

விளைவு என்ன? ஐந்து மாதங்கள் இரு குடும்பத்தாரும் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. மாடிப்படியில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகளையும் பிரித்து வைத்தோம். பணத்தைவிட அந்த நட்டமே பெரிது.

பின்னர் நம் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் இஷாவுக்குப் பின் இரு தரப்பையும் அழைத்து அமர்த்தினார். உரிமையாளர் தொலைபேசியில் இணைந்தார். பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களில் யாருக்குத் தெரியும்?" எவரிடமும் பதில் இல்லை.

மறுநாள் குழாய்ப் பணியாளர் மேல்வீட்டுக் குளியலறையின் நீர்ப்போக்கியை அடைத்து, வண்ணப்பொடி கலந்த நீரை ஒரு நாள் முழுவதும் தேக்கி வைத்தார். கூரையின் நடுவிலிருந்த ஈரத்தில் அந்த வண்ணம் தெரிந்தது. சுவரோரத்து ஈரத்தில் தெரியவில்லை. அது கட்டடத்தின் பொதுக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலிருந்து வந்தது! அதற்குப் பொறுப்பு குடியிருப்போர் சங்கம். அதில் நாங்களும் உறுப்பினர்கள். ஐந்து மாதம் மேல்வீட்டார் மீது சுமத்திய பழியில் ஒரு பாதி எங்களுடையதாகவும் இருந்தது. அன்று வெட்கித் தலைகுனிந்தோம்.

பத்தாண்டு பழைய அலமாரிக்குப் புதிய அலமாரியின் விலையைக் கேட்பதும் முறையன்று என உணர்ந்தோம். ரசீதுகளை வைத்துக் கணக்கிட்டபோது இழப்பு இருபத்து மூவாயிரமாக வந்தது. உரிமையாளர் பதினைந்தாயிரமும், சங்கம் எட்டாயிரமும் தந்தனர். கசிவைச் சரிசெய்யும் செலவையும் அவரவரே ஏற்றனர். அனைத்தும் எழுத்தில் பதிந்து கையொப்பமிடப்பட்டது.

சகோதரர்களே! இவ்வாறு சமாதானம் கூடாத இடத்தில் என்ன செய்வது?

சேதத்தைத் தேதியுடன் படமெடுங்கள். உரிமையாளருக்கும் சங்கத்திற்கும் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பி நகலை வைத்திருங்கள். அறிவித்த பின்னும் பழுது நீக்காதவர், எனக்குத் தெரியாது என்று பின்னர் சொல்ல இயலாது. ஒதுக்கி வைக்கக்கூடிய பொருளை ஒதுக்கி வையுங்கள். தவிர்த்திருக்கக்கூடிய நட்டத்திற்கு ஈடு கேட்க இயலாது. ஈரம் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆதலால் காலந்தாழ்த்துவது கட்டடத்திற்கே கேடு.

அண்டை வீட்டார் நமக்குச் சேவை விற்பவர் அல்லர் என்பதால் நுகர்வோர் மன்றம் இதற்கு இடமன்று. உரிமையியல் நீதிமன்றமே இடம். இழப்பீட்டு வழக்கிற்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளைப்படி, நேரில் பார்வையிட்டு அறிக்கை தர ஆணையர் ஒருவரை நியமிக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

அதற்கும் முன்னர், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மக்கள் நீதிமன்றத்தை நாடுங்கள். வழக்குத் தொடராமலேயே அங்கு மனு அளிக்கலாம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் இசைந்து ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடும் கிடையாது. பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உடையவர்கள் என்பதைத் தனித்து வாழும் நம் தாய்மார்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

உரிமையைக் கேட்பது பகையன்று. கேட்கும் முறையில்தான் பகை பிறக்கின்றது. இழப்பீடு கேட்கச் செல்லுமுன் நீரின் வழியைக் கண்டறியுங்கள்; கேட்கும் தொகைக்குக் கணக்கு வையுங்கள். கேட்கப்படும் நிலையில் இருப்பவர்களோ, கதவைச் சாத்தாமல் கீழே இறங்கி வந்து ஒருமுறை அந்தக் கூரையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கூரை இன்று உலர்ந்திருக்கின்றது. பிள்ளைகள் மீண்டும் மாடிப்படியில் விளையாடுகின்றார்கள். வஸ்ஸலாம்.