மைதானம் யாருக்கு? நோட்டா, கம்ப்யூட்டரா?

(நெல்லியாளத்தில் விளையாட்டுக் குழுவினர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பக்கம் மேடும் சரிவும்தான் அதிகம். தேயிலைக்கு அது சரி, ஃபுட்பாலுக்குச் சரிப்படாது. சமமா ஒரு இடம் இருந்தா அதுலதான் ஃபுட்பால், கிரிக்கெட், வாலிபால், பொதுக்கூட்டம் எல்லாமே. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பல நாட்களை எடுத்துக்கொள்கிறது. யானை நடமாடுகிற ஊர் என்பதால் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். மிஞ்சுகிற நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இடம் பெயர் வேண்டாம். எஸ்டேட் லைனில் இருந்து பெண் பிள்ளைகள் ஒரு டீம் நடந்தே வந்தார்கள். நோட்டில் அவர்கள் பெயர்தான் இருந்தது. ஆனால் அதை அடித்துவிட்டு, மேலே வேறு பெயர் எழுதியிருந்தது. "போன்ல சொல்லிட்டாங்கம்மா, நான் என்ன செய்ய?" என்றார் காவலாளி. பிள்ளைகள் திரும்பி நடந்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் வரவே இல்லை.

இதைக் கேட்டதும், "அதனாலதான் எல்லாத்தையும் ஆன்லைன் ஆக்கணும்"னு தோணும். கொஞ்சம் பொறுங்க, ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். வார நாட்களில் சாயங்காலம் ஒன்று, சனி ஞாயிறு பகலில் ஏழு ஏழு. மொத்தம் 19 நேரம். 12 டீம் இருந்தாலும் ஆளுக்கு ஒன்று தாராளமாகக் கிடைக்கும். இதுக்கு ஒரு நோட்டும் ஒரு நேர்மையான ஆளும் போதும். 8 டீம் லீக் என்றாலும் 28 ஆட்டம்தான். ஞாயிறுக்கு 4 வீதம் 7 வாரத்தில் முடியும். அட்டவணையைப் பேப்பரிலேயே போட்டுவிடலாம்.

சிக்கல் எங்கே? 12 டீமும் ஞாயிறு காலையைத்தான் கேட்கும். காலை 7 மணியில் இருந்து 11.30 வரை இருப்பது 3 நேரம். எந்த கம்ப்யூட்டராலும் நாலாவது நேரத்தை உண்டாக்க முடியாதுங்க. நாலு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு டீமுக்கும் என்று சுழற்சி முறை வைப்பதுதான் வழி. அந்த விதியை முதலில் நாம் முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் அதை மறக்காமல் நிறைவேற்றும், அவ்வளவுதான்.

"முந்துபவருக்கே" என்று விட்டால் என்ன ஆகும் என்பதை ரயில் டிக்கெட்டில் பார்த்தோம். ஐஆர்சிடிசி இணைய முன்பதிவு 2002-ல் வந்தது. வரிசையில் நிற்கும் பாடு குறைந்தது. ஆனால் தட்கலில் விரல் வேகமும் நெட் வேகமும்தான் ஜெயித்தன. கடைசியில் 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம்மிடமும் முந்துபவருக்கே என்றால், சிக்னல் இருக்கிற பஜார் டீம் ஜெயிக்கும். சிக்னல் எட்டாத லைன் டீம் ஒவ்வொரு வாரமும் தோற்கும்.

இன்னொரு பயம் கட்டணம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. பதிவு செய்வது வேறு, பணம் வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது.

ஆக, என் யோசனை இதுதான். கேட்பவர்களைவிட நேரம் அதிகம் இருக்கும்வரை நோட்டே போதும். ஆனால் அடித்தல் திருத்தல் கூடாது. மாற்றினால் யார், எப்போது, ஏன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். போட்டி கூடினாலோ, இரண்டு இடத்தில் பதிவு வாங்கினாலோ கம்ப்யூட்டருக்கு மாறுங்கள். பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நோட்டில் தனியாக, போனில் தனியாக என்று வைத்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு டீம் வந்து நிற்கும்.

போன் இல்லாதவர் நேரில் வந்து சொன்னாலும் அதே பட்டியலில் ஏற்ற வேண்டும். பதினைந்து நிமிஷம் வராவிட்டால் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். மழையில் போன ஆட்டத்துக்கு அடுத்த வாரம் முன்னுரிமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரப் பட்டியலை அச்சிட்டு மைதானத்து வாசலில் ஒட்ட வேண்டும், வாட்ஸ்அப்பிலும் போடலாம். எல்லார் கண்ணிலும் படுகிற பட்டியலை, ஒரு போன் அழைப்பில் மாற்றுவது சுலபமில்லை.

இந்த விதிகளை எழுதி, எல்லா டீமும் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனுவாகக் கொடுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் கோரிக்கையைப் பதியலாம். பதிவேட்டைப் பார்க்க விரும்பினால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நோட்டோ கம்ப்யூட்டரோ, நடந்து வந்த பிள்ளைகள் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். எந்த முறை வைத்தாலும் அதை வைத்தே சரி பாருங்கள்.